‘நிபந்தனையுடன் வெளியேற்றப்பட்ட எலிகள்’: ஒரு பிழைப் பெயரும் சரியான பெயரும்

வெள்ளவத்தையில் நீரிழிவு பற்றி நடந்த ஒரு தமிழ்ச் சொற்பொழிவில் ‘நிபந்தனையுடன் வெளியேற்றப்பட்ட எலிகள்’ என்ற தொடரை மறுபடியும் கேட்டேன். குறித்த ஓர் இழையத்தில் (ஈரல், தசை போன்றவற்றில்) மட்டும் ஒரு பரம்பரையலகை (ஜீனை) வேலை செய்யாமல் ஆக்கிய ஆய்வுகூடச் சுண்டெலிகளை ஆங்கிலத்தில் கொண்டிஷனல் நொக்கவுட் மைஸ் என்பார்கள். அதன் தமிழாம் இது. மூன்று சொற்கள், மூன்றும் பிழை.

எலியை விரைவாக முடித்துவிடலாம். ஆய்வுகூடத்தில் எலியும் உண்டு, சுண்டெலியும் உண்டு. இரண்டும் வேறு இனங்கள். இங்கே பேசப்படுவது சுண்டெலி.

நொக்கவுட் குத்துச்சண்டைச் சொல். அடிபட்டவன் எழ முடியாமல் மேடையிலேயே கிடக்கிறான், எங்கும் வெளியேறுவதில்லை. சிலர் ‘நீக்கம்’ என்கிறார்கள். வெளியேற்றத்தைவிட அது மேல், ஆனாலும் ஏற்க மாட்டேன். கலங்களில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் புரதமான இன்சுலின் வாங்கி பற்றிய ஆய்வுகளில் அந்த வாங்கிக்குரிய பரம்பரையலகின் நான்காம் எக்சோன் என்ற ஒரு துண்டு மட்டுமே வெட்டப்பட்டது. மீதி அங்கேயே இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. ‘முடக்கம்’ என்றால் நடந்தது அப்படியே விளங்கும்.

பெரிய கேடு ‘நிபந்தனை’யில்தான். ஆங்கிலத்தில் கொண்டிஷன் என்பதற்கு நிலைமை என்றும் நிபந்தனை என்றும் இரு பொருள் உண்டு. ஒரு வெப்பநிலையில் பிழைத்து இன்னொன்றில் இறக்கும் விகாரிகளை (பரம்பரையலகு மாறிய உயிரிகளை) மரபியலாளர் முன்பே ‘கொண்டிஷனல்’ என்று அழைத்தார்கள். அங்கே பொருள் நிலைமை. மொழிபெயர்ப்பாளர் அகராதியின் மற்றப் பொருளை எடுத்துக்கொண்டார். ‘நிபந்தனைப் பிணை’ என்று செய்திகளில் படித்துப் பழகிய கொழும்பு வாசகர் இதைக் கேட்டு என்ன விளங்கிக்கொள்வார்? யார் யாருக்கு விதித்த நிபந்தனை?

உண்மையில் இது ஒரு வரையறை, அதாவது முடக்கம் எந்த இழையத்தோடு நிற்க வேண்டும் என்று எல்லை குறிப்பது. 1996இல் உடல் முழுவதும் இன்சுலின் வாங்கி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே இரத்தத்தில் கீற்றோன் அமிலங்கள் கடுமையாக மிகுந்ததால் இறந்தன. வளர்ந்த உடலில் எந்த இழையம் என்ன செய்கிறது என்று அவற்றிலிருந்து அறிய வழியில்லை. அதனால் பரம்பரையலகின் அந்த நான்காம் எக்சோனுக்கு இருபுறமும் லொக்ஸ்-பி என்ற, 34 மூல இணைகள் நீளமான டி.என்.ஏ. தொடரைப் பொருத்தினார்கள். பற்றீரியாவைத் தாக்கும் பி1 வைரசின் கிரீ நொதியம் அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதை வெட்டிவிடும். அல்புமின் ஈரலில் உருவாகும் புரதம்; அதன் பரம்பரையலகை இயங்கவைக்கும் தூண்டற் பகுதியோடு கிரீயை இணைத்தால் அது ஈரலில் மட்டும் உருவாகும். முடக்கமும் அங்கு மட்டுமே நிகழும்.

பொஸ்டன் ஜொஸ்லின் நிலையத்தில் ரொனல்ட் கானின் குழு 1998இல் தசையிலும் 2000இல் ஈரலிலும் இதைச் செய்தது. ஈரலில் முடக்கியவற்றுக்குக் கடும் இன்சுலின் எதிர்ப்பு வந்தது. தசையில் முடக்கியவற்றின் இரத்தச் சர்க்கரையோ இயல்பாகவே இருந்தது, கொழுப்புத்தான் கூடியது. எந்த இழையம் என்பதில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. அதை மறைக்கும் பெயர் எதற்கு?

ஆகவே பொதுப்பெயர் ‘வரையறுத்த பரம்பரையலகு முடக்கச் சுண்டெலி’. தமிழக வழக்கில் எழுதுவோர் மரபணு என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்க வேண்டாம். குறிப்பிட்ட ஆய்வைச் சொல்லும்போது பொதுப்பெயரே வேண்டாம்: ‘ஈரலில் இன்சுலின் வாங்கி முடக்கிய சுண்டெலி’ என்று எழுதினால் உயர்தர மாணவருக்கும் விளங்கும்.

நம் மொழிபெயர்ப்பாளர் பலர் சொல்லுக்குச் சொல் வைத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் தூய தமிழை விரும்புகிறவன். ஆனாலும் பொய்யான தமிழுக்குப் பதில் ‘நொக்கவுட் சுண்டெலி’ என்றே எழுதுங்கள் என்பேன். அறியாத சொல்லை வாசகர் கேட்டுத் தெரிந்துகொள்வார். நிபந்தனை அவருக்குத் தெரிந்த சொல், அதனால் கேட்கவே மாட்டார்.