99.5 டிகிரியில் வெடிக்காத சிலிண்டர்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் வாயு விதிகள் வந்தாலே கூடவே ஒரு கணக்கும் வந்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று 14.9 வளிமண்டல அழுத்தம் வரை தாங்கும், 27 டிகிரியில் அதன் மீட்டர் 12 காட்டுகிறது, கட்டடத்தில் திடீரென்று தீப்பிடித்து வெப்பம் ஏறுகிறது, எந்த வெப்பநிலையில் சிலிண்டர் வெடிக்கும்? நுழைவுத் தேர்வுக்குத் தயாரானவர்கள் பலர் இதைப் போட்டிருப்பீர்கள். 27-ஐ 300 கெல்வின் ஆக்கு, 14.9-ஐ 12-ஆல் வகு, 300-ஆல் பெருக்கு. 372.5 கெல்வின், அதாவது 99.5 டிகிரி செல்சியஸ். அடியில் இரண்டு கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.

ஆறு வருஷம் ஒரு டியூஷன் சென்டரில் நானும் இதைக் கூசாமல் போட்டுக் கொடுத்தவன்தான். அப்புறம் வேலை மாறி, ஹோட்டல் சமையலறை, கல்யாண மண்டபம், ஹாஸ்டல் மெஸ் என்று போய்த் தீ பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். அங்கே நிஜ சிலிண்டர்களோடு பழகிய பிறகுதான் இந்தக் கணக்கு என்னை உறுத்தத் தொடங்கியது. கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் பிழை.

அதே வாயு விதியை வைத்தே சரிபார்க்கலாம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். கணக்கு சொல்வதுபோல அதற்குள் வெறும் வாயு மட்டும் 12 வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால் எத்தனை மோல் வரும் என்று பிவி = என்ஆர்டி-யில் (அழுத்தம் × கொள்ளளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை) போட்டுப் பாருங்கள், பதினாறு சொச்சம் மோல், எடையில் ஒரு கிலோகூடத் தேறாது. ஆனால் மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கி வருபவர் சுமப்பது 14.2 கிலோ கேஸ், இரும்பின் எடை தனி. மீதிப் பதிமூன்று கிலோ எங்கே போயிற்று?

திரவமாக இருக்கிறது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து அழுத்தித் திரவமாக்கி நிரப்பியது அது, எல்பிஜி, அதாவது திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, என்று பெயரிலேயே 'திரவமாக்கப்பட்ட' இருந்தும் நாம் 'கேஸ்' என்று சொல்லிச் சொல்லியே மறந்துவிட்டோம். புதுச் சிலிண்டரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு திரவம், மேலே மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஆவி. அந்த ஆவியின் அழுத்தம் எவ்வளவு என்பதை உள்ளே எத்தனை கிலோ இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை, வெப்பநிலையும் கலவையும்தான் தீர்மானிக்கின்றன. கொஞ்சம் ஆவியை அடுப்புக்கு எடுத்தால் திரவத்திலிருந்து அவ்வளவு ஆவி கிளம்பி இடத்தை நிரப்பிவிடும். பாதி தீர்ந்த சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ அதேதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கி ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம். ஒன்றரை மாதம் முள் பச்சையை விட்டு அசையவில்லை, ஒரு நாள் காலையில் தோசை பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. "ஏமாத்திட்டான் தம்பி" என்றார். மீட்டர் அழுத்தத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கருவி அது, அவ்வளவுதான். இதற்கு நம் வீடுகளில் செய்வதே மேல்: ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பாருங்கள், திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் காய நேரமாகும். இன்னும் சரியாக வேண்டுமென்றால் எடை போடுங்கள், வெறும் சிலிண்டரின் எடை மேலேயே எழுதியிருக்கிறது. கரியமில வாயு தீயணைப்பானில் மீட்டரே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? பயிற்சிக்குப் போகும் இடங்களில் யாராவது ஒருவர் "இதுல மீட்டர் உடைஞ்சு போச்சு சார்" என்று காட்டுவார். உடையவில்லை, உள்ளே இருப்பது திரவம் என்பதால் அதை எடை போட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பது வாயு மட்டும், அங்கே முள் பாதிக்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம், வாயு விதி தந்த ராபர்ட் பாயிலின் பெயரைச் சொல்லி நம்பலாம்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். வெறும் வாயுவை 25 டிகிரியிலிருந்து 50-க்குச் சூடாக்கினால், கெல்வினில் 298-லிருந்து 323, அழுத்தம் 8 சதவீதம்தான் ஏறும். திரவ புரொப்பேன் இருக்கும் கலனை அதே அளவு சூடாக்கினால் ஆவியழுத்தம் சுமார் 9.5 பாரிலிருந்து 17 பாருக்குப் போகும் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). பியூட்டேன் இரண்டரை பாருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து ஐந்துக்கு. கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்தப் பரீட்சைக் கணக்கின் எண்களையே எடுத்து உள்ளே புரொப்பேன் என்று வைத்துப் பாருங்கள்: 12 வளிமண்டல அழுத்தம் வருவதே சுமார் 35 டிகிரியில், 14.9 வருவது 45-ஐ ஒட்டி. பத்து டிகிரி இடைவெளியை நாம் பிள்ளைகளுக்கு எழுபத்திரண்டரை டிகிரி என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு மே மாத வெயிலில் பால்கனி சிலிண்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்க் கலவையில் பியூட்டேனும் சேர்ந்திருப்பதால் சுத்த புரொப்பேன் அளவுக்கு அழுத்தம் வராது, சிலிண்டரையோ சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிறார்கள். வெயில் அதை ஒன்றும் செய்யாது, மேலே சொன்ன அந்த ஐந்தில் ஒரு பங்கு காலியிடம் இருக்கும் வரை.

அந்தக் காலியிடத்தைத்தான் நான் எல்லோரிடமும் அதிகம் பேசுவது. எல்பிஜி திரவம் சூட்டில் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். விரிய இடம் இருந்தால் ஆவி கொஞ்சம் திரவமாகிவிடும், பிரச்சினை இல்லை. இடமே இல்லாமல் திரவம் முட்ட முட்ட நிரம்பியிருந்தால், திரவத்தை அமுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல பார் எகிறும். அங்கே ஆவியழுத்தக் கணக்குகூட உதவாது. பேச்சிலர் ரூமுக்கும் டீக்கடைக்கும் பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடித்துச் சின்னதில் 'ஃபில்' பண்ணித் தருகிறார்களே, அதில் எத்தனை பேர் எடை பார்க்கிறார்கள்? "நல்லா நிறைச்சுக் குடுப்பா" என்று கேட்டு வாங்குகிறோம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நிறைத்துக் கொடுத்தது என்று சந்தோஷப்பட்டு வாங்கும் அந்த நிறைவுதான் ஆபத்து.

அடுத்தது கல்யாண மண்டபம். விடியற்காலை நாலு மணி, பெரிய பர்னர் ஒரே 19 கிலோ சிலிண்டரில் முழு வேகத்தில் எரிகிறது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், கிலோவுக்குச் சுமார் 350 கிலோஜூல், அதைத் தன்னிடமிருந்தும் இரும்பிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி படியும், ஆவியழுத்தம் இறங்கும், தீ சோர்ந்துபோகும். இந்த நேரத்தில் நான் பார்த்த வைத்தியங்கள்: கொதிக்கும் வெந்நீரை மேலே ஊற்றுவது, சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டுவது, அடியில் விறகுக் கங்கு வைப்பது (ஒரே ஒரு முறை, அதற்கு மேல் என் நெஞ்சு தாங்காது), அப்புறம் குளிருகிறதே என்று சாக்கு போர்த்துவது. கடைசியது பாவம், நல்ல மனசு, ஆனால் வெளிக்காற்றிலிருந்து வர வேண்டிய சூட்டை அதுவே தடுத்துவிடும். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்குப் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியக்கூடியது, தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். ஒரு மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது "அண்ணே, இருபது வருஷமா இப்படித்தான் உருட்டுறேன்" என்றார். அவர் புருவத்தில் முடி இல்லை, நான் அதைப் பற்றிப் பேசவில்லை. சரியான வழி சுலபம்: நாலைந்து சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றையும் சேர்க்கும் ஒரே பொதுக் குழாயில், இணைத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், எதுவும் உறையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் விடியலில் கடைசிக் கால்வாசி கேஸ் எரிய மறுப்பதும் இந்த வகைதான், புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விட, மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு பியூட்டேன், அதன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி, அந்தக் குளிரில் அது ஆவியாகவே தயங்கும்.

'சிலிண்டர் வெடித்து' என்று செய்தியில் வந்து நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் சிலிண்டர் முழுசாக மூலையில் நின்றுகொண்டிருக்கும், சுவர்தான் இருக்காது. வெடிப்பது கசிந்த வாயு. இங்கே மட்டும் நல்லியல்பு வாயுச் சமன்பாடு, அதே பிவி = என்ஆர்டி, கச்சிதமாக வேலை செய்கிறது என்பது ஒரு வேடிக்கை. பத்துக்கு எட்டு அடி சமையலறை, பத்தடி உயரம், ஏறக்குறைய 22,600 லிட்டர் காற்று. எல்பிஜி 1.8 சதவீதம் கலந்தாலே பற்றும், அதாவது சுமார் 400 லிட்டர் வாயு, எடையில் 850 கிராம் சொச்சம். அதுவும் அறை முழுக்கச் சமமாகக் கலந்தால்தான் அவ்வளவு வேண்டும். காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமான வாயு தரையோடு படியும் என்பதால், கீழே மட்டும் அந்த அளவை எட்ட இதில் ஒரு பகுதி போதும். நாற்றம் வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள், எரியும் லைட்டை அணைக்கவும் செய்யாதீர்கள், போடும்போதும் அணைக்கும்போதும் சுவிட்சில் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, முடிந்தால் கழற்றி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். மேல் ஜன்னலை மட்டும் திறப்பது போதாது, தரையிலிருப்பது கதவு வழியாகத்தான் போகும். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன்.

போன வாரம் அக்கா மகன் புதுக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தான். அதே கணக்கு, அதே 12, அதே 14.9. நான் உட்கார்ந்து ஆவியழுத்தம், காலியிடம் எல்லாம் அரை மணி நேரம் சொன்னேன், நன்றாகக் கேட்டான். கடைசியில், "மாமா, அப்ப பரீட்சைல என்ன எழுத?" என்றான்.

99.5 என்றே எழுதச் சொன்னேன்.