காலிங்பெல் கேமராவுக்கு உங்கள் சொந்த மெயிலைக் கொடுக்காதீர்கள்

வீடுகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுப்பது என் தொழில். வீடியோ காலிங்பெல் வாங்குகிறவர்களில் பலர் மாதச் சந்தா கட்ட விரும்புவதில்லை. "வாசலில் யாராவது நின்றால் கிளிப் தானாக மெயிலுக்கு வரட்டும்" என்கிறார்கள். ஆர்டிஎஸ்பி வசதி (வீடியோவை வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்கு நேரடியாகக் கொடுப்பது) உள்ள பெல், ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் இருந்தால் முடிகிற வேலைதான். எந்த மெயிலிலிருந்து அனுப்புவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

2022 மே 30-க்குப் பிறகு, இதுபோன்ற வெளி மென்பொருள்களில் ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுவிட்டு 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' எடுக்க வேண்டும். அது மெயில் அனுப்புவதற்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த 16 எழுத்து கிடைத்தால் உங்கள் இன்பாக்ஸ் முழுவதையும் படித்துவிடலாம், ஓடிபியும் கேட்காது. பேங்க் ஸ்டேட்மென்ட், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதானே வருகின்றன?

ஆனால் நான் போகிற வீடுகளில் அந்த ஆப் பாஸ்வேர்டு, ராஸ்பெரி பையின் மெமரி கார்டில், சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் அப்படியே கிடக்கிறது. கார்டை மாற்றினால் பழையது மேஜை டிராயருக்குப் போய்விடும். "மெயில் வரல, என்னன்னு பாருங்க சார்" என்று அந்த ஃபைலையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு.

பெல்லுக்கென்று தனி ஜிமெயில் திறந்துவிடுங்கள். அதிலிருந்து உங்கள் மெயிலுக்கு வரட்டும். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் ரத்தாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அலெர்ட் நின்றுபோனது உடனே தெரியாது; யாரும் வரவில்லை என்றே தோன்றும். தினமும் காலையில் ஒரு சோதனை மெயில் வரும்படி வைத்துவிட்டால் கவலையில்லை.

அப்புறம் அளவு. ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்றாலும், அனுப்பும்போது வீடியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; பத்து நொடி கிளிப் தாராளம். தெருவையும் மரத்தையும் விட்டுவிட்டு கேட் பகுதியை மட்டும் மோஷன் ஜோனாக, அதாவது அசைவைக் கவனிக்க வேண்டிய இடமாகக் குறியுங்கள். இல்லையென்றால் மாடு போனாலும் மெயில், நிழல் ஆடினாலும் மெயில். இரண்டே வாரத்தில் அந்த மெயில்களைத் திறக்காமலே அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள். எதிர்வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் கேமரா செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள்.