விரைவீக்கத்துக்கு அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை

விரையைச் சுற்றி நீர் கோத்து வீங்குவதை ஊரில் ஓதம் என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் ஹைட்ரோசீல் என்று இருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, சைக்கிள் ஏறுவதை நிறுத்திவிட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு மூலம் வரும் புழுவாலும் விரைவீக்கம் வருவதால், தேசிய யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. அடிபட்டதாலோ காரணமே தெரியாமலோ வந்திருந்தாலும் சிகிச்சை இலவசம்தான். காப்பீட்டு அட்டை இல்லையே என்று தயங்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனைக்குப் போவதென்றால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை தேவை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். நீங்கள் போகும் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா என்று 1800 425 3993 எண்ணில் முதலில் கேட்டுவிடுங்கள்.

சரி, எங்கே போவது? வட்ட மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். மருத்துவர் அறையை இருட்டாக்கி, வீக்கத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார். தெளிந்த நீராக இருந்தால் வீக்கம் செக்கச்செவேலென்று ஒளிரும். கட்டி என்றால் ஒளிராது. அப்புறம் ஸ்கேன், ரத்தம், சர்க்கரை, இசிஜி பார்ப்பார்கள். விரையிலேயே கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், புற்றுநோயாக இருக்கலாம்.

பொதுவாக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நீரை வெளியேற்றி, நீர் கோத்த உறையை வெட்டி எடுப்பார்கள், அல்லது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துவிடுவார்கள். விரையை எடுப்பதில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சினால் பெரும்பாலும் மறுபடி கோத்துக்கொள்ளும், சீழும் பிடிக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் கோவணமோ இறுக்கமான உள்ளாடையோ கட்டித் தாங்கல் கொடுப்பது முக்கியம்; வலியும் வீக்கமும் குறைய அதுதான் பெரிய உதவி. முதல் சில வாரம் வீக்கம் பழையபடியே இருப்பதுபோலத் தோன்றும். நீர் திரும்பிவிட்டது என்று பதறாதீர்கள், மெல்ல வற்றும். ஒன்றிரண்டு வாரத்தில் லேசான வேலை செய்யலாம். மூட்டை தூக்குவது, சைக்கிள் மிதிப்பது எல்லாம் நாலு முதல் ஆறு வாரம் கழித்து, மருத்துவர் சொன்ன பிறகுதான். காய்ச்சல், சீழ், திடீரென்று பெரிதாகும் வீக்கம், நிற்காத ரத்தக் கசிவு இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கூலி போய்விடுமே என்றுதான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், இஎஸ்ஐ மருத்துவரிடம் ஓய்வுச் சான்று வாங்குங்கள். இஎஸ்ஐ சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால், ஓய்வு நாட்களுக்குச் சராசரி கூலியில் 70 சதவீதம் கிடைக்கும்.