வியூ: தெரிவட்டவணை

‘தரவுத்தள மேசைகளையும் பார்வைகளையும் பட்டியலிடும் கருவி.’ காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்காகப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த நிரலில் போன வாரம் இந்த வரியைப் படித்தேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஆங்கிலத்தில் டேபிள் என்பதை மேசை என்றும் வியூ என்பதைப் பார்வை என்றும் பெயர்த்திருக்கிறார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

செயற்கை நுண்ணறிவு முகவர், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் நிரல், தரவுத்தளத்துக்குள் போனதும் பெரும்பாலும் முதலில் எடுக்கும் கருவி இது. உள்ளே என்னென்ன டேபிள் (தரவை வரிசையும் நெடுவரிசையுமாக வைத்திருப்பது), என்னென்ன வியூ (டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டுவது) இருக்கின்றன என்று பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் வினவல், அதாவது தரவைக் கேட்டு வாங்கும் கட்டளை, எழுதும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை, கருவியோடு எழுதி வைத்த விளக்கத்தை வாசித்துத்தான் முகவர் முடிவு செய்கிறது. அதனால் அந்த ஒரு வரியில் சொல் பிசகினால் வேலையே பிசகும்.

டேபிளை முதலில் முடித்துவிடுகிறேன். பலகையைக் குறிக்கும் ‘தபுலா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. சாப்பாட்டுப் பலகையும் எழுத்துப் பலகையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தமிழில் அப்படி இல்லை. போர்த்துக்கீசியர் தந்த மேசை வேறு, அட்டவணை வேறு. அட்டவணையே மராட்டி வழி வந்த சொல் என்று ஒதுக்குவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற சொல்லை எதற்கு விட வேண்டும்?

வியூதான் வம்பு. அதற்கும் வேர் ‘பார்த்தல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினைதான். உடனே ‘பார்வை’ என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் பார்வை கண்ணின் தொழில். வயதானால் பார்வை மங்கும். ‘என் பார்வையில்’ என்றால் என் கருத்து. இப்போது யூடியூப் வந்த பிறகு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைக்கும் அதுவே பெயர். அந்தக் கடைப் பிள்ளை ஒருவன் ‘மொத்தம் எத்தனை பார்வைகள் இருக்கின்றன?’ என்று முகவரைக் கேட்டான். அது கடையின் இணையப் பக்கத்துக்கு வந்துபோனவர்களைக் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தது. முகவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

சரி, ‘காட்சி’ என்று வைக்கலாமே என்பார்கள் சிலர். பார்வையைவிட இது ஒரு படி மேல். காண்கிற செயலை விட்டுக் காணப்படும் பொருளுக்கு வந்துவிட்டது. ஆனாலும் தரவை வரைபடமாகக் காட்டுவதைக் காட்சிப்படுத்தல் என்று ஏற்கெனவே வழங்குகிறோம். ‘விற்பனைக் காட்சி’ என்றால் வரைபடத்தைத்தான் எதிர்பார்ப்போம். வியூவிலோ படம் எதுவும் இல்லை. வரிசையும் நெடுவரிசையும் மட்டுமே. பகல் காட்சி, இரவுக் காட்சி என்று திரையரங்குக்காரர்கள் வேறு அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வியூ உண்மையில் என்ன? பெயர் வைத்துச் சேமித்த ஒரு வினவல். தனக்கென்று வரிகளை அது வைத்துக்கொள்வதில்லை. திறக்கும்போதெல்லாம் அடியிலுள்ள அட்டவணைகளிலிருந்து வேண்டியதை எடுத்துக் காட்டும். எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ‘பாக்கி உள்ளவர்களை மட்டும் சொல்லுங்கள்’ என்று முதலாளி கேட்டால் பேரேட்டைப் புரட்டி அவர்களை மட்டும் வாசிப்பாராம். பேரேடு அட்டவணை என்றால் அந்த வாசிப்புதான் வியூ. கணக்கை முடித்து எழுதி வைக்கும் ஐந்தொகை, விடையைச் சேமித்து வைக்கிற இன்னொரு வகைக்கு ஒப்பு. அதை ஆங்கிலத்தில் மெட்டீரியலைஸ்டு வியூ என்கிறார்கள்.

என் சொல் தெரிவட்டவணை. ‘தெரி’ என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுவதும் பொருள், ஆராய்ந்து எடுப்பதும் பொருள். குறளின் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் இருப்பது இந்த இரண்டாம் பொருள். இலங்கைத் தமிழர் நாடாளுமன்றத் தெரிவுக்குழு என்று இன்றும் வழங்குகிறார்கள். வியூவை உருவாக்கும் கட்டளையிலும் ‘செலக்ட்’ (தேர்ந்தெடு) என்ற சொல் இருக்கிறது. எடுப்பதும் காட்டுவதும் ஒரே வேரில் கிடைக்கும்போது பார்வையிடம் கடன் வாங்குவானேன்? கூடவே ‘அட்டவணை’ ஒட்டியிருப்பதால் இது எந்த இனம் என்பதும் விளங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். உதிரிச் சொற்களாக ஒரு தாளில் வாங்கி, அகராதியின் முதல் பொருளை எதிரே எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரையில் அது எங்கே வருகிறது, யார் வாசிப்பார்கள் என்று கேட்பதில்லை. கொடுப்பவர்களும் சொல்வதில்லை. கணினியில் தமிழ் என்றாலே புரியாது என்று நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான்.

கடைப் பிள்ளைகளிடம் வரியை இப்படி மாற்றச் சொன்னேன்: ‘தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகள், தெரிவட்டவணைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தரும் கருவி, ஒவ்வொன்றும் எந்த வகை என்பதையும் சொல்லும்.’ வகையைச் சொல்வது முக்கியம். அட்டவணையில் புது வரி சேர்ப்பதுபோல எல்லாத் தெரிவட்டவணையிலும் சேர்த்துவிட முடியாது. டேபிள், வியூ என்ற சொற்களையும் விளக்கத்தின் கடைசியில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தரவுத்தளம் தன் பட்டியலில் அந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறது.