சி.சி. பணத்தில் பாய்லர் வாங்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துவோருக்குப் பணம் கொட்ட வேண்டிய காலம் குறுகியது. பெங்களூரா மாங்காய் வரத்து மே மாதம் சூடு பிடித்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள் காய், கூலி, டின், டிரம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கூழ் விற்றுப் பணமாவதோ அடுத்த சீசன்வரை இழுக்கும். இந்த இடைவெளிக்காகத்தான் வங்கி சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு தருகிறது; லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்து, விற்றதும் கட்டும் கடன் அது.

அந்தப் பணத்தில் பாய்லர் வாங்குவது, ஷெட் போடுவது, பக்கத்து நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது, இவைதான் நன்றாக ஓடும் ஆலையையும் முடக்கிவிடுகின்றன. வட்டியில் கால் சதவீதம் குறைக்கப் பேரம் பேசுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேங்ஷன் லெட்டரில் லிமிட் 75 லட்சம் என்று இருந்தாலும் அவ்வளவும் எடுக்க முடியாது. சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவு என்று நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து, எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி டி.பி. (டிராயிங் பவர்) போடும். உதாரணமாக, சரக்கு இருப்பு 80 லட்சம். அதில் மண்டிக்குத் தரவேண்டிய பாக்கி 20 லட்சம். மீதி 60 லட்சத்தில், உங்கள் பங்காக வங்கி கழிக்கும் 25 சதவீத மார்ஜின் போனால் 45 லட்சம். வாங்கியவர்களிடமிருந்து வரவேண்டியது 40 லட்சம். அதில் 90 நாள் தாண்டிய 12 லட்சத்தைச் சேர்க்க மாட்டார்கள். மீதி 28 லட்சத்தில் 40 சதவீத மார்ஜின் போக 16.8 லட்சம். ஆக, டி.பி. 61.8 லட்சம்தான். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் சேங்ஷன் லெட்டரைப் பாருங்கள்.

இதில் 15 லட்சத்தைப் பாய்லருக்குக் கொடுத்திருந்தால்? பாய்லர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் ஏறாது. கூழ் விற்க விற்க டி.பி. இறங்கும், ஆனால் அந்த 15 லட்சம் மட்டும் கணக்கில் அப்படியே உறைந்து நிற்கும். டி.பி.க்கு மேல் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். வரம்புக்குள்ளேயே இருந்தாலும், 90 நாளாகக் கணக்கில் பணம் வரவே இல்லை, அல்லது வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்கே போதவில்லை என்றாலும் அதே கதிதான். விற்பனைப் பணத்தை வேறு வங்கியில் போட்டுவைப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

டி.பி.யை ஏற்றிக் காட்ட இல்லாத சரக்கை எழுதவே எழுதாதீர்கள். ஸ்டாக் ஆடிட்டுக்கு வருகிறவர் டிரம்மை எண்ணி, ஒன்றுக்கு 215 கிலோ என்று பெருக்கி, ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு ஒப்பிட்டால் அன்றே தெரிந்துவிடும். அதன்பின் அது கடன் விவகாரம் அல்ல, மோசடி விவகாரம்.

மெஷினுக்கு உரியது டேர்ம் லோன், அதாவது தவணைக் கடன். கொட்டேஷன் கொடுத்தால் பணம் நேராக விற்பவருக்குப் போகும். முதல் தவணை ஒரு சீசன் விற்பனைக்குப் பிறகு தொடங்கும்படி மாரட்டோரியம் (தவணை விடுப்பு) கேளுங்கள். சிறு தொழில்களுக்கான முத்ரா கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது. முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) மானியத் திட்டத்தை விசாரியுங்கள். மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம்.

ஏற்கெனவே சி.சி.யில் வாங்கிவிட்டீர்களா? மெஷின் பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பாக்கிப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். சிக்கிய தொகையைத் தனியே பிரித்துத் தவணைக் கடனாக்கித் தரச் சொல்லுங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே கேட்க வேண்டும். பண முடை வந்தபின் கேட்டால் மறுசீரமைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், அது கணக்கின் தரத்தையே இறக்கும்.

இன்னொன்று. 5 கோடி வரையிலான லிமிட்டுக்கு எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதம் என்று கணக்கிடுவது வழக்கம். மூன்று மாதத்துக்கொரு முறை பணம் சுழலும் தொழிலுக்கு அது போதும். கூழுக்குப் போதாது. 20 சதவீதம் குறைந்தபட்சம்தான். சுழற்சி நீளம் என்பதை மாதவாரி பண வரவு செலவோடு எழுதிக் காட்டி, சீசனுக்கென்று தனி லிமிட் கேளுங்கள். மனுவைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டால், காய் லாரி கேட்டில் நிற்கும்போது கையில் பணம் இருக்கும்.