சக்கரமும் சைக்கிளும் பிறந்த வீடு

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றைப் புரட்டும் தமிழ்நாட்டு வாசகர், விபத்துச் செய்திகளில் ‘துவிச்சக்கர வண்டி’ என்ற சொல்லைக் கண்டு ஒரு கணம் தயங்குவது இயல்பு. தமிழ்நாட்டில் பேச்சில் சைக்கிள் என்றும் எழுத்தில் மிதிவண்டி என்றும் வழங்கும் ஊர்திக்கு இலங்கைத் தமிழில் நெடுநாளாக வழங்கிவரும் பெயர் அது. ‘பைசிக்கிள்’ என்ற சொல்லை யாரோ வடமொழியில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெயர்ப்பில் பொருள் மட்டும் கடந்து வரவில்லை. ‘பை’யும் ‘துவி’யும் ஒரே பழஞ்சொல்லின் இரு கிளைகள், ‘சிக்கிள்’ என்பதும் ‘சக்கரம்’ என்பதும் அவ்வாறே. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, ஒன்று ஐரோப்பா வழியாகவும் மற்றொன்று இந்தியா வழியாகவும் நடந்து வந்த இரண்டு சொற்களை, ஒரு புதிய எந்திரத்துக்குப் பெயர் தேடியவர்கள் இரு இடங்களிலும் ஒரே வரிசையில் ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லைப் பற்றி அறியவேண்டியவற்றுள் மிகச் சுவையானது. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதை மொழியியல் ஒருபோதும் சான்றாக ஏற்பதில்லை. ஒரு மொழியில் இன்ன ஒலி இன்ன சூழலில் வந்தால் மற்ற மொழியில் அதற்கு நேராக இன்ன ஒலிதான் வரும் என்ற ஒழுங்கு, நூற்றுக்கணக்கான சொற்களில் தவறாமல் அமைந்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால், எழுத்தில் எங்கும் பதிவாகாத ஒரு மூலமொழியின் சொல்லை மீட்டெடுக்கலாம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் தாயான அந்த மொழியில் சக்கரத்துக்கு வழங்கிய சொல்லை, தமிழ் எழுத்தில் ஏறத்தாழ ‘க்வெக்வ்லோஸ்’ என்று எழுதலாம். ‘க்வெல்’ என்றால் சுழலுதல். அதன் முதல் அசையை இரட்டித்துச் செய்த சொல் இது. ‘உருண்டு உருண்டு ஓடியது’ என்று நாம் அடுக்கும்போது இடைவிடாத அசைவு புலப்படுவதைப் போல, அந்த இரட்டிப்பும் சுழற்சியின் தொடர்ச்சியைக் காட்டியிருக்க வேண்டும்.

இனி ‘க்வெக்வ்லோஸ்’ எப்படிச் ‘சக்ர’ ஆயிற்று என்று பார்ப்போம். வாசகர் இங்கே ஒரு சிறு சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். ‘கூ’ என்று சொல்லி, உடனே ‘கீ’ என்று சொல்லுங்கள். இரண்டும் ககரம்தான், ஆனால் ‘கூ’வில் நாவின் பின்பகுதி தொண்டைக்கு அருகே அண்ணத்தைத் தொடுகிறது, ‘கீ’யில் அந்தத் தொடுமிடம் நன்றாக முன்னே நகர்ந்துவிடுகிறது. அடுத்து வரப்போகும் ஈகாரத்துக்காக நாக்கு முன்கூட்டியே தயாராவதே காரணம். தலைமுறை தலைமுறையாக இந்த நகர்வு கூடிக்கொண்டே போனால், ஒரு நாள் அந்தக் ககரம் சகரமாகவே ஆகிவிடும். இதற்கு அண்ணமாதல் என்று பெயர்.

இதற்குச் சான்று தேடி நாம் வடமொழிக்குக்கூடப் போகவேண்டியதில்லை. கன்னடத்தில் காதைக் ‘கிவி’ என்கிறார்கள், தமிழில் ‘செவி’. அங்கே ‘கெம்பு’ என்றால் சிவப்பு, இங்கே ‘செம்மை’. அங்கே ‘கிரிது’, இங்கே ‘சிறிது’. இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரத்தைக் கன்னடம் காத்துவைத்தது, தமிழ் சகரமாக்கிவிட்டது. ஆனால் தமிழிலும் கிளி கிளியாகவே இருக்கிறது; கெடு, கேள் என்பனவும் மாறவில்லை. அடுத்து ட, ள, ழ போன்ற நாமடி ஒலிகள் வந்தால் நாக்கு பின்னோக்கி வளையவேண்டியிருப்பதால் இந்த மாற்றம் தடைப்பட்டது. செவியால்தான் கேட்கிறோம், ஆனால் செவி மாறியது, கேள் மாறவில்லை. ஒலிமாற்றம் பொருளைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் ஒலியை மட்டுமே பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வடமொழியில் நிகழ்ந்ததும் இதே கதை. ‘க்வெக்வ்லோஸ்’ என்பதன் முதல் ககரத்தை அடுத்து எகரம் வருகிறது. ஆகவே அது சகரமாயிற்று. இரண்டாவது ககரத்தை அடுத்து வருவது மெய்யொலி. ஆகவே அது ககரமாகவே நின்றது. பிறகு எகரமும் ஒகரமும் அகரமாக மாறின, லகரம் ரகரமாயிற்று; ‘சக்ர’ பிறந்தது. எகரம் மறைந்துபோன பிறகும் அது ஒரு காலத்தில் அங்கே இருந்தது என்பதற்குச் சகரம் சாட்சியாக நிற்கிறது. இந்தச் சாட்சியத்தை 1870களில் ஐரோப்பிய மொழியியலாளர் பலர் ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியே கண்டுகொண்டார்கள். மூலமொழியின் உயிரொலிகளை வடமொழியே மாறாமல் காத்துவந்தது என்று அதுவரை நிலவிய எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது.

கிரேக்கத்தில் அதே மூலச்சொல் ‘குக்லோஸ்’ என்ற வடிவை அடைந்தது. அங்கிருந்து இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்கு வந்து, ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ ஆயிற்று. இந்தப் பயணத்தின் நடுவே, இகர எகரங்களைப் போல நாக்கை முன்னே தள்ளி ஒலிக்கும் உயிருக்கு முன் நின்ற இலத்தீனின் ககரம் பிரெஞ்சில் சகரமாக மெலிந்தது. மெய்க்கு முன் நின்ற ககரமோ அப்படியே தங்கியது. அதாவது, வடமொழியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த மாற்றம், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஐரோப்பாவில் அதே சொல்லின் மீது மீண்டும் ஒருமுறை நடந்தது. சக்கரம், சைக்கிள் ஆகிய இரண்டும் தமிழ் எழுத்தில் முதலில் சகரத்தையும் நடுவில் இரட்டைக் ககரத்தையும் கொண்டிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் இதுவே. சக்கரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘வீல்’கூட இதே மூலத்திலிருந்து வேறு விதிகளின் வழியே தேய்ந்து வந்ததுதான், பாரசீகத்தின் ‘சர்க்’ என்பதும், அதிலிருந்து வந்து காந்தியடிகளின் கைராட்டைக்குப் பெயரான ‘சர்க்கா’வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

‘பை’யின் கதை சுருக்கமானது. இரண்டு என்பதைக் குறித்த மூலவடிவம் ‘த்வி’. வடமொழி அதை அப்படியே வைத்துக்கொண்டது. மெய்ம்மயக்கத்தோடு சொல்லைத் தொடங்காத தமிழ், நடுவே உகரம் சேர்த்துத் ‘துவி’ ஆக்கிக்கொண்டது. பழைய இலத்தீனில் சொல் முதலில் வந்த ‘த்வ்’ என்ற கூட்டொலியில் நாக்கின் வேலை குறைந்து, இதழின் வேலை ஓங்கி, அது பகரமாயிற்று. போரைக் குறித்த ‘துவெல்லும்’ என்ற சொல் பிற்காலத்தில் ‘பெல்லும்’ ஆனதும் இதே விதிப்படிதான். ஈரானியர் சைக்கிளுக்குச் சொல்லும் ‘தோசர்க்கே’ என்பதிலும் இதே இரண்டும் இதே சக்கரமும் இருக்கின்றன.

இந்த இரண்டு துண்டுகளும் ஐரோப்பாவில் ஒன்றாக ஒட்டியது 1860களின் பிற்பகுதியில்தான். எந்திரம் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1817 ஜூன் 12 அன்று, ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர், ஒன்றன்பின் ஒன்றாக இரு சக்கரங்கள் பொருத்திய மரவண்டியில் அமர்ந்து, காலால் தரையை உந்தி உந்திச் சாலையில் சென்றார். பெடலோ செயினோ இல்லாத அந்த வண்டியை அவர் ‘ஓட்ட எந்திரம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அழைத்தார். பிரான்சில் அது ‘வெலோசிபேத்’ எனப்பட்டது. விரைவு என்பதற்கும் பாதம் என்பதற்கும் உரிய இலத்தீன் சொற்களைக் கோத்த பெயர் அது. அதன் இறுதியிலுள்ள ‘பேத்’, வடமொழிப் பாதத்துக்கும் நம் சைக்கிள் கடைகளில் தொங்கும் பெடலுக்கும் உறவு. ஆங்கிலம் கைவிட்ட இந்தப் பெயரை உருசிய மொழி இன்றும் ‘வெலசிபேத்’ என வழங்குகிறது. பிரெஞ்சுக்காரர் அதைச் சுருக்கி ‘வெலோ’ என்கிறார்கள். இந்தோனேசியாவில் அது ‘செபெடா’ ஆகிவிட்டது.

1860களில் பாரிசில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்தப்பட்டது. கால்கள் தரையை விட்டு எழுந்த அந்தக் கட்டத்தில்தான், முச்சக்கர, நாற்சக்கர வண்டிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ‘பைசிக்கிள்’ என்ற பெயர் தேவைப்பட்டது. தலை இலத்தீன், உடல் கிரேக்கம் என்று கலந்து செய்த சொல் அது. பெடல் நேரே சக்கரத்தோடு இணைந்திருந்ததால் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான் கிடைக்கும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தையே பெரிதாக்க வேண்டும். 60 அங்குலச் சக்கரம் ஒரு மிதியில் ஏறத்தாழ 4.8 மீட்டர் போகும். ஆனால் ஏறியவர் ஆள் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், தலைகுப்புற விழுவார். செயின் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது. முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், 28 அங்குலச் சக்கரமே ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் ஓடிவிடும். 1885இல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இந்த அமைப்பில் செய்த வண்டிக்குப் பாதுகாப்புச் சைக்கிள் என்று பெயர். அதன் பிறகுதான் பழைய உயர்சக்கர வண்டியைச் ‘சாதாரண’ வண்டி என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். கைப்பேசி வந்த பிறகு வீட்டுத் தொலைபேசி ‘தரைவழி’த் தொலைபேசி ஆனதைப் போல. ஸ்டார்லியின் வண்டிக்கு ரோவர் என்பது விற்பனைப் பெயர். போலந்து மொழியில் இன்றும் எந்தச் சைக்கிளானாலும் ‘ரோவெர்’தான்.

பிற நாட்டார் இந்த எந்திரத்தில் எதைக் கண்டார்கள் என்பது அவர்கள் வைத்த பெயரிலேயே தெரிகிறது. சக்கரங்களை எண்ணியவர்கள் உண்டு. எபிரேய மொழி இரட்டையாக இருக்கும் கைகளுக்கும் காதுகளுக்கும் சேர்க்கும் இருமை விகுதியைச் சக்கரத்தோடு சேர்த்து ‘ஒஃபனாயிம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஒருமை, பன்மை என்ற இரண்டோடு நின்றுவிட்ட தமிழுக்கு அந்த வசதி இல்லை. ஜெர்மானியர் ‘ஃபார்ராட்’ என்றார்கள். அதன் பிற்பாதியான ‘ராட்’ நம் ரதத்தின் உடன்பிறப்பு. தாய்லாந்தினர் வடமொழியின் சக்ரத்தோடு யானத்தைச் சேர்த்துச் ‘சக்கரயான்’ என்றார்கள். சீனரும் சப்பானியரும் தானே செல்லும் வண்டி, தானே சுழலும் வண்டி என்ற பொருளில் பெயரிட்டார்கள். குதிரையோ மாடோ ஆள் இழுப்போ இல்லாமல் ஒரு வண்டி நகர்வதே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. டச்சு மொழியின் ‘ஃபீட்ஸ்’ நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்களை அலைக்கழித்த சொல். ‘குதிரைக்குப் பதிலி’ என்ற ஜெர்மன் வழக்கிலிருந்து அது வந்திருக்கலாம் என்ற கருத்தைக் கெண்ட் பல்கலைக்கழக மொழியியலாளர் 2012இல் முன்வைத்தனர்.

மிதிக்கும் காலைக் கண்டவர்கள் இன்னும் பலர். வியட்நாமியரின் ‘செ தாப்’ மிதிக்கும் வண்டி. தைவானில் வழங்கும் பெயரும் அதே பொருள் உடையது. மலையாளத்தில் ‘சவிட்டுவண்டி’, சிங்களத்தில் ‘பாபெதிய’. ‘குக்லோஸ்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த கிரேக்கரே அதைச் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளாமல், காலால் செலுத்துவது என்ற பொருளில் ‘பொதீலாதோ’ என்கிறார்கள்.

தமிழின் ‘மிதிவண்டி’ இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது. ஊறுகாய், சுடுசோறு என்பவற்றைப் போல அது ஒரு வினைத்தொகை. மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் என்ற மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ‘ஈருருளி’ என்பதும் அழகிய ஆக்கமே. உயிரெழுத்துக்கு முன் இரண்டு ‘ஈர்’ ஆகும் என்ற இலக்கணம் அதில் சரியாக அமைந்திருக்கிறது. ஆயினும் சக்கரத்தை எண்ணிப் பெயரிடுவதில் ஓர் இடர் உண்டு. மோட்டார் வண்டிக்கும் சக்கரம் இரண்டுதான். இலங்கையின் ‘துவிச்சக்கர வண்டி’யும் தமிழ்நாட்டின் ‘இருசக்கர வாகன’மும் எழுத்துக்கு எழுத்து ஒரே பொருளுடையவை, ஆனால் முன்னதில் பெடல் இருக்கிறது, பின்னதில் பெட்ரோல் இருக்கிறது. ஆங்கிலப் பெயருக்கும் தமிழ்நாட்டில் இதுவே நேர்ந்தது. பைசிக்கிளின் தலையைச் சுருக்கிய ‘பைக்’ எஞ்சின் உள்ளதற்குப் போயிற்று, வாலான ‘சைக்கிள்’ எஞ்சின் இல்லாததற்கு நின்றது. இங்கிலாந்தில் இரண்டையும் ‘பைக்’ என்றே சொல்வார்கள். மிதிவண்டி என்ற பெயரில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை என்பதால் அதுவே சிறந்தது என்பது என் எண்ணம்.

பழந்தமிழில் இதைவிட நெருக்கமான ஒரு சொல் இருந்தது. ‘கால்வல் நெடுந்தேர்’ கடலில் ஓடாது என்கிறது திருக்குறள். அங்கே கால் என்பது தேரின் சக்கரம். மிதிக்கும் உறுப்புக்கும் உருளும் உறுப்புக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி, காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றும் எந்திரம் கைக்கு வந்தபோது அந்தச் சொல்லின் பழம்பொருளை மறந்துவிட்டிருந்தது.

பள்ளி மைதானத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மேடைக்குப் பின்னால் கட்டிய பதாகையில் ‘விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா’ என்று எழுதியிருக்கிறது. ஒலிபெருக்கியிலும் மிதிவண்டி என்றே அறிவிக்கிறார்கள். மாலையில் அதைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் நுழையும் மாணவி, வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: “அம்மா, சைக்கிள் குடுத்துட்டாங்க!”