முடி சுடும், தோல் சுடாது: எப்படி?

“மாநிறமாக இருக்கிறேன். வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். (தீவிர ஒளித்துடிப்பால் முடி நீக்கும்) கருவியால் கால் முடியை நீக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. பெரும்பாலான மாநிறத் தோலுக்குச் சரிப்படும். அடர்ந்த கறுப்புத் தோலுக்குக் கூடாது. காரணம், வெப்பம் ஆறும் வேகம்.

கருவிக்குள் இருப்பது கேமரா ஃபிளாஷில் உள்ளது போன்ற செனான் விளக்கு. வடிகட்டியைத் தாண்டி வரும் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி உறிஞ்சிச் சூடாகிறது. நரைமுடியில் மெலனின் இல்லை, அதனால் பலனும் இல்லை. ஆனால் அதே மெலனின்தான் தோலுக்கும் நிறம் தருகிறது. பிறகு தோல் எப்படித் தப்புகிறது?

கொழுக்கட்டையையும் அப்பளத்தையும் ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து எடுத்து வையுங்கள். அப்பளம் உடனே ஆறிவிடும். கொழுக்கட்டையின் நடுப்பகுதி நெடுநேரம் சுடும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும். நிறமுள்ள மேல்தோல் மெல்லியது. சில மில்லிநொடிகளில் வெப்பத்தை உதறிவிடும். மயிர்க்கால் பருமனானது, பல பத்து மில்லிநொடிகள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆண்டர்சன், பாரிஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-இல் முன்வைத்த கோட்பாடு இது. இன்னொரு நுட்பமும் உண்டு. முடியை மீண்டும் முளைக்க வைக்கும் குருத்தணுக்களுக்கு நிறம் கிடையாது. ஒளி அவற்றை நேரடியாகச் சுடாது. கறுத்த முடி சூடாகி, அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் அவற்றுக்குப் பரவ வேண்டும். முடிதான் அங்கே திரி.

ஆகவே வாக்சிங், பிடுங்குதல் இரண்டும் கூடாது, திரியே போய்விடும். ஷேவ்தான் செய்ய வேண்டும். வெளியே நீட்டிய முடியை விட்டுவைத்தால் அது தோலின் மேலேயே கருகிச் சுடும், கருவியின் கண்ணாடியிலும் கரி படியும்.

எறும்பு முட்டை எண்ணெயோ கஸ்தூரி மஞ்சளோ அந்தக் குருத்தணுக்களை அழிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பச்சிளம் பெண் குழந்தைகளின் உடம்பில் அவற்றைத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும்.

தோலில் மெலனின் கூடக்கூட, ஆறுவதற்குள் அதுவும் வெந்துவிடுகிறது. பெட்டியிலுள்ள நிற அட்டவணையைப் பகல் வெளிச்சத்தில், முடி நீக்கப்போகும் இடத்திலேயே ஒப்பிடுங்கள். முகம் வெளுத்திருந்தாலும் அக்குள் கறுத்திருக்கலாம். வெயிலில் கறுத்திருந்தால் அது மங்கும்வரை பொறுங்கள். மச்சம், பச்சை குத்திய இடம், மருதாணி, கண்ணைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் ஒளி படக்கூடாது. குங்குமம், மஞ்சள், கிரீம் எல்லாவற்றையும் கழுவித் துடையுங்கள்.

மிகக் குறைந்த அளவில் ஓரிடத்தில் அடித்துப் பார்த்து, ஒரு நாள் காத்திருங்கள். மாநிறத்தினர் 2 நாள். சிவப்போ கொப்புளமோ இல்லையென்றால் தொடரலாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் இருமுறை அடிக்காதீர்கள். மரத்துப்போகும் கிரீம் வேண்டவே வேண்டாம். வலிதான் எச்சரிக்கை மணி. கர்ப்பிணிகளும், ஐசோட்ரெட்டினாயின் (முகப்பரு மருந்து), டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாட்டிக்) போன்ற மாத்திரை எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஒளி பலிப்பது வளரும் கட்டத்திலுள்ள முடியில்தான். காலில் எந்த நேரத்திலும் சிறு பங்கு முடியே அந்தக் கட்டத்தில் இருக்கும். பல கருவிகள் முதல் 4, 5 முறை இரு வார இடைவெளி கேட்பது அதனால்தான். கன்னம், தாடையில் எச்சரிக்கை தேவை: பி.சி.ஓ.எஸ். போன்ற ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குச் சிலசமயம் முடி கூடுதலாக முளைத்துவிடும். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அடர்கறுப்புத் தோலுக்கு மருத்துவமனைகளில் 1064 நானோமீட்டர் லேசர் இருக்கிறது. அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும்; ஒளி மேல்தோலைக் கடந்து ஆழத்திலுள்ள மயிர்க்காலை எட்டிவிடும்.